வலது, இடது

"யார் வெட்டினது இதை?"

கண்ணாடிக் கடை முதலாளி போட்ட சத்தத்தில், பின்னறையில் ஓடிக்கொண்டிருந்த லென்ஸ் வெட்டும் மெஷின் சட்டென்று நின்றது.

கவுன்ட்டருக்கு முன்னால் ஒரு வேன் டிரைவர். முழங்காலில் கட்டு. போன புதன்கிழமை இங்கே வாங்கிய கண்ணாடி கையில்.

"போட்டா தரை சாயுது முதலாளி. பழகிடும்னு நினைச்சேன். வீட்டுப் படியில கால் வெச்சேன், அங்க படியே இல்ல. இதைப் போட்டுக்கிட்டு வண்டி எடுத்திருந்தா? உள்ள ஸ்கூல் பிள்ளைங்க பதினாலு பேர் உக்காந்திருக்கும்!"

முதலாளி கண்ணாடியைச் சோதித்தார். வலது கண்ணுக்கான லென்ஸ் இடது பக்கம். இடது கண்ணுக்கானது வலது பக்கம்.

யார் வெட்டினது என்று கேட்டது ஒரு பேச்சுக்குத்தான். அவருக்குத் தெரியாதா?

"ஏய் அலாரம்! வா இங்க!"

அலாரம் என்பது அவர் வைத்த பெயர். வேலைக்குச் சேர்ந்த அன்றே அந்தப் பெண் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். "சார், எனக்குக் கவனம் ஒரு இடத்துல நிக்காது. டாக்டர்கிட்ட காட்டிட்டுத்தான் இருக்கேன். மண்டைக்குள்ள பத்து ரேடியோ ஒண்ணா பாடும். ஆறு வேலை போயிடுச்சு, இது ஏழாவது. ஆனா எனக்குன்னு ஒரு முறை இருக்கு. அதுல தலையிடாம விட்டீங்கன்னா வேலை சுத்தமா இருக்கும்."

அந்த முறையைப் பார்த்துத்தான் இரண்டு வருடமாக முதலாளிக்கு ரத்தக்கொதிப்பு.

ஒரு ஆளுக்கான லென்ஸும் ஃப்ரேமும் ஒரு தட்டில் வரும்; மேஜையில் ஒரே ஒரு தட்டுதான் இருக்க வேண்டும். இரண்டாவது தட்டைப் பக்கத்தில் வைத்தால் கடிக்க வருவாள். "வலது மைனஸ் நாலு, வலது மைனஸ் நாலு" என்று ஒப்பிப்பாள். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை மணி அடிக்கும். எழுந்து வாசல் வரை நடந்துவிட்டு வருவாள். தட்டோடு வரும் சீட்டில் எழுத இடமில்லாமல், சரிபார்த்ததற்கு அவள் போட்ட டிக்குகள். கோழி கிளறின குப்பை மாதிரி.

முதலாளி அப்படி இல்லை. காதில் போன், கையில் லென்ஸ், வாயில் பேச்சு. ஒரே நேரத்தில் நாலு வேலை. அதில் பெருமை வேறு.

அவள் வந்தாள். கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள்.

"மாறியிருக்கு சார்."

"மாறியிருக்கு சாரா? அதைச் சொல்லவா உன்னை வேலைக்கு வெச்சிருக்கேன்? மணி அடிக்கத் தெரியுது, மந்திரம் ஓதத் தெரியுது, சோத்துக் கை எது பீச்சாங்கை எதுன்னு தெரியல!"

"சார், இது..."

"வாயைத் திறக்காதே! பத்து ரேடியோவாம். எனக்கு மட்டும் என்ன, வேலையே இல்லையா? நான் கழுத்துல மணியைக் கட்டிக்கிட்டா திரியறேன்?"

"மணி கட்டி மேய்க்க நானும் மாடு இல்ல சார்."

டிரைவர் நெளிந்தார். "விடுங்க முதலாளி. வேற போட்டுக் குடுங்க, போதும்."

"எப்படி விடறது? நீங்க வெளிய போய் என் கடைப் பேரைச் சொல்வீங்களா, இவ பேரைச் சொல்வீங்களா? கிளம்பும்மா. இன்னையோட சரி. எட்டாவது இடம் பாத்துக்க."

அவள் கண்ணாடியைக் கவுன்ட்டரில் வைத்தாள்.

"போறேன். அந்தச் சீட்டுல என் டிக் இருக்கான்னு ஒரு தடவை பாத்துட்டுப் போறேன்."

"நீ என்ன பாக்கறது? அவரே பாக்கட்டும்!"

முடிந்த சீட்டுகளைக் குத்திவைக்கும் கம்பியிலிருந்து புதன்கிழமைச் சீட்டை முதலாளியே உருவினார். டிரைவரின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

டிரைவர் தன் பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"டிக் ஒண்ணையும் காணோமே முதலாளி? ஓரத்துல 'பிளம்பர்'னு போட்டு ஒரு போன் நம்பர் இருக்கு."

முதலாளி சீட்டைப் பிடுங்கினார். அவருடைய கிறுக்கலேதான். அடியில் அவர் கையெழுத்து. அன்றைக்கு வீட்டில் குழாய் உடைந்து, மனைவி போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அட, ஆமா!" டிரைவர் தொடையைத் தட்டினார். "எனக்கு நேரமாச்சுன்னு பறந்தேன். நீங்கதான் மெஷின்ல இருந்து எடுத்து, துடைச்சு, நேரா என் கையில குடுத்தீங்க."

முதலாளி சீட்டை மடித்துச் சட்டைப் பையில் திணித்தார்.

முதலாளியின் கோபம் இறங்கவில்லை. இறங்க இடம் தெரியாமல் இன்னும் ஏறியது.

"அதுக்கென்ன இப்போ? மனுஷன்னா ஒரு தடவை தவறாதா? நீ வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. என் வேலை மேல வேற ஒரு புகார் வந்திருக்கா? சொல்லு!"

அவள் வருவதற்கு முன்னால் வந்த புகார்களை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

"வரல சார்," என்றாள்.

"கேட்டுக்குங்க!" என்று டிரைவர் பக்கம் திரும்பினார்.

"மாசம் ரெண்டு ஜோடி நீங்க மாத்தி வெட்டி வெக்கறீங்க. அது கவுன்ட்டருக்கே போகலேன்னா புகார் எப்படி சார் வரும்?" அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "எனக்குத் தப்பு வரும்னு எனக்குத் தெரியும். அதனால என் தட்டை மூணு தடவை பாப்பேன். உங்களுக்குத் தப்பே வராதுன்னு நீங்க நினைச்சுக்கிட்டு இருக்கீங்க. அதனால, கவுன்ட்டருக்குப் போறதுக்கு முன்னாடி, உங்க தட்டை நாலு தடவை பாப்பேன்."