ஏழாம் படி ராமர்

"ஏண்டி, ராமர் எப்படி ஏழாம் படிக்கு வந்தார்?"

சுண்டல் கரண்டியோடு சமையலறையிலிருந்து வந்த ருக்மிணி, கொலுவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"அவர் பிளாஸ்டிக்மா. போன வருஷம் சரோஜினி மார்க்கெட்ல வாங்கினது. காலவரிசைப்படி அவர் கடைசிப் படிதான்" என்றாள் ஜ்யோத்ஸ்னா.

"மேல்படியில செட்டியாரும் செட்டிச்சியுமா?"

"அவாதான் சீனியர். பண்ருட்டிக் களிமண். உன் கல்யாணத்துக்கு முன்னாடியே பொறந்தவா."

"பட்டாபிஷேகம் ஆனவரைப் படியிலேர்ந்து இறக்கறதுக்குப் பேரு ஒரு படிப்பு!" ருக்மிணி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஜ்யோத்ஸ்னாவுக்குத் தலைநகரில் ஒரு மகளிர் கல்லூரியில் கலை வரலாறு, கடைசி வருடம். மற்ற பெண்கள் கோட்டையையும் கல்லறையையும் ப்ராஜெக்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஜ்யோத்ஸ்னா வீட்டுக் கொலுவை எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு பொம்மையின் காலடியிலும் எந்த ஊர், என்ன மண், எந்தக் காலம் என்று ஆங்கிலத்தில் சின்னச் சீட்டு. இன்று மாலை யூனிவர்சிட்டியிலிருந்து எக்ஸாமினர் நேரிலேயே பார்க்க வருகிறார். வருவது யார் என்று மாணவிகளுக்குச் சொல்லமாட்டார்கள்.

அப்பா ஜகந்நாதன் காலையில் ஆபீஸ் கிளம்பும்போதே கறாராகச் சொல்லிவிட்டார். "இதுல நல்ல மார்க் வந்தா எம்.ஏ. படி. இல்லேன்னா பேசாம பாங்க் எக்ஸாம் கோச்சிங். அப்புறம் மூக்கைச் சிந்தப்படாது."

எம்.ஏ. படிக்க ஜ்யோத்ஸ்னாவுக்கு அவ்வளவு ஆசை. வருகிறவர் எப்படி இருப்பார் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. அந்தத் துறையில் அவள் பார்த்த மேடம்கள் எல்லாருமே ஒரே அச்சு. கைத்தறிப் புடவை, ஒரு ரூபாய் அகலத்துக்குப் பொட்டு, தோளில் ஜோல்னாப் பை.

மணி அடித்தது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். அரக்குப் பட்டும் வைர மூக்குத்தியும் தலை நிறையப் பூவுமாக ஒரு மாமி. அம்மாவின் கிட்வாய் நகர்ச் சிநேகிதிகளில் ஒருத்தி போலிருக்கிறது என்று நினைத்தபோது ஜ்யோத்ஸ்னாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"நான் வந்து..." என்று மாமி ஆரம்பித்தார்.

"வாங்கோ, வாங்கோ! மொதல்ல உக்காருங்கோ" என்று ருக்மிணி பாயை விரித்தாள். கொலுவுக்கு வந்தவர் யாராயிருந்தாலும் முதலில் உட்கார வேண்டும், பிறகு பாட வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்தான். மாமி இரண்டு தரம் வாயைத் திறந்து பார்த்தார், ருக்மிணி விடவில்லை. கடைசியில் பாடியேவிட்டார். சுமாராகத்தான் பாடினார்.

ருக்மிணி சுண்டல் எடுக்கப் போனதும் மாமி கொலுவருகில் வந்தார். "தசாவதாரத்துல ஒம்பது பேர் மண்ணு. கல்கி இருக்க வேண்டிய எடத்துல மட்டும் ஏன் பிளாஸ்டிக் குதிரை?"

ஜ்யோத்ஸ்னாவின் கண் வாசலிலேயே இருந்தது. "அம்மாகிட்டே சொல்லிடாதீங்கோ மாமி. குவார்ட்டர்ஸ் மாத்தறச்சே லாரிக்காரன் உடைச்சுட்டான்னு அம்மா இன்னிக்கும் அவனைத் திட்டிண்டிருக்கா. உடைச்சது நான்தான். நாலாங் கிளாஸ்ல, வாட்டர் பாட்டிலைச் சுத்தி விளையாடறச்சே! பயந்து போய் என் பொம்மைக் குதிரையை வெச்சேன். இப்போ அதுக்கும் ஆரத்தி நடக்கறது."

மாமி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

மறுபடி மணி. கைத்தறிப் புடவை, பெரிய பொட்டு, தோளில் பை!

"ஆயியே மேடம், ஆயியே!" அந்த அம்மாளை வாய் திறக்க விடாமல் கொலு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள் ஜ்யோத்ஸ்னா. ஹிந்தியும் இங்கிலீஷுமாக மழை கொட்டிற்று. பண்ருட்டி, காகிதக் கூழ், மரப்பாச்சி, எதுவும் பாக்கியில்லை. மாமி பக்கத்திலேயே பாயில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கல்கியிடம் வந்ததும் குரலைத் தாழ்த்தி, "இந்தப் பிளாஸ்டிக் குதிரை வேணும்னே வெச்சது மேடம். நம்ம காலத்தின் மேல ஒரு விமர்சனம்" என்றாள்.

அந்த அம்மாள் "அச்சா, அச்சா" என்று தலையாட்டி, ருக்மிணி கொடுத்த சுண்டலைச் சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு பையைத் திறந்து ஒரு சின்ன மருந்துக் குப்பியை எடுத்தார்.

"பேட்டா, சப் பஹுத் சுந்தர். கர் மே சோட்டா பச்சா கோயி ஹை?"

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் போலியோ சொட்டு மருந்து போட வந்தவர்! குழந்தை இல்லை என்று தெரிந்ததும் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

ஜ்யோத்ஸ்னா ராமருக்குப் பக்கத்திலேயே தொப்பென்று உட்கார்ந்தாள். வெளியே இருட்டிவிட்டது. "போச்சு. எக்ஸாமினர் இனிமே வரமாட்டார். பாங்க் கோச்சிங்தான்." கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

மாமி குங்குமம் இட்டுக்கொண்டு, வெற்றிலைப் பாக்கைப் புடவைத் தலைப்பில் வாங்கிக்கொண்டார். ருக்மிணி உள்ளே போகட்டும் என்று காத்திருந்து ஜ்யோத்ஸ்னாவின் அருகில் குனிந்தார்.

"அழாதேடி. கல்கி உடைஞ்ச கதையை எங்கிட்டே சொன்ன மாதிரியே ரிப்போர்ட்ல எழுது. அந்த விமர்சனம், கிமர்சனமெல்லாம் வேண்டாம். ஜல்தியா எம்.ஏ.வுக்கு அப்ளை பண்ற வழியைப் பாரு."

"மாமி... நீங்க...?"

"நான்தாண்டி உன் எக்ஸாமினர்! வாசல்லயே சொல்ல வந்தேன், உங்கம்மா எங்கே விட்டா, என்னைப் பாடச் சொல்லிட்டாளே!"