பச்சை விளக்கு எரிந்த பிறகும்

எல்லைச் சாவடி கம்ப்யூட்டர்மயமானதிலிருந்து, நாள் கணக்கில் காத்துக் கிடந்த சரக்கு லாரிகள் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் எல்லை தாண்டின. லாரி முதலாளி ஒருவரும் சந்தோஷமாக ட்ரிப் மேல் ட்ரிப் விட்டார். ஆனால் அவருடைய ஒரு லாரி மட்டும் அங்கே ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் நின்றது. மண்டை காய்ந்துபோய், இன்று அவரே அதில் ஏறிவிட்டார்.

சாவடி நெருங்கியதும் டிரைவர் கண்ணாடி பார்த்துத் தலை சீவினான்.

“மாமூல் கேக்கறாங்களாப்பா?”

“சேச்சே! ரொம்பக் கண்டிப்பானவங்க சார்.”

பச்சை விளக்கு எரிந்தது. ஆனாலும் பெண் அதிகாரி கை காட்டினாள். “ஓரமா நிறுத்துங்க.”

முதலாளி குதித்து இறங்கினார். “ஏம்மா, பேப்பர்ல ஏதாவது குறையா?”

“இல்ல சார்.”

“சரக்குல?”

“அதுவும் சரியா இருக்கு.”

“அப்புறம் எதுக்கு இந்த லாரியை மட்டும் மறிக்கிறீங்க? மேலிடத்துக்கு எழுதிப் போடுவேன்!”

அவள் அசரவில்லை. மேஜைக்கடியிலிருந்து டிபன் கேரியரை எடுத்து டிரைவரிடம் நீட்டினாள்.

“தாராளமா எழுதுங்க சார். அப்படியே இவருக்கு ரெண்டு நாள் லீவும் எழுதிக் குடுங்க. வீட்டுக்கு வந்தா, என் புருஷனை நான் ஏன் ரோட்டுல மறிக்கப் போறேன்?”