கீறல் இல்லாத படகு

“இதுவும் ரிஜெக்டா? இன்னாடா, படகு வாங்குறியா, பொண்ணு பாக்குறியா?”

கேன்டீனில் மோகன் சிரித்தான். அமலன் போனில் படகு போட்டோவை நீட்டினான். “விளிம்பு பூரா கீறல் பாரு மாப்ள.”

ஒரகடம் கார் கம்பெனியில், பெயிண்ட் அடித்து வரும் கதவுகளில் கீறல் கண்டுபிடிப்பதுதான் அமலனின் வேலை. அதை விட்டுவிட்டு, சொந்த ஊரான மணப்பாட்டுக் கடலில் அப்பாவோடு நண்டு பிடிக்கப் போகும் எண்ணத்தில் ஃபைபர் படகு தேடிக்கொண்டிருந்தான். இதோடு ஆறு படகைத் தள்ளியாயிற்று.

ஏழாவது படகுக்கு நான்கு வயது. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தும் ஒரு கோடுகூட இல்லை. “தங்கம்டா!” அப்பாவிடம்கூடக் கேட்காமல் அட்வான்ஸ் அனுப்பினான். வேலையையும் ராஜினாமா செய்தான்.

மறுநாள் படகை நேரில் பார்த்துவிட்டு அப்பா போனில் கூப்பிட்டார்.

“ஏலே, நண்டு வலைய விளிம்புல போட்டுத்தானல இழுக்கணும்? இழுத்த படகுல கோடு விழாம இருக்குமா? இதுல வலைய இழுத்தா படகே கவுந்துரும்ல. அதான் நாலு வருசமா எவனும் இத கடல்ல இறக்கல.”

அமலன் மோகனைப் பிடித்து உலுக்கினான்.

“மாப்ள, நான் தள்ளுன ஆறுல எதுல கீறல் ஜாஸ்தி? அது இன்னும் வித்திருக்காதுல்லா, நீ என்ன சொல்லுத?”