பின்னாலேயே ஒருவன்

அன்றைக்கும் அவன் வந்துவிட்டான். மணிக்கூண்டு முனையைத் தாண்டியதும் அந்தச் சங்கிலி உறையின் கடகட சத்தம் யூச்சினின் சைக்கிளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தும் பயனில்லை. பெய்ஜிங் டிசம்பரில் யாருக்கு முகம் இருக்கிறது? மூக்கு வரை முகமூடி, புருவம் வரை தொப்பி, நடுவில் நீர் வழியும் இரண்டு கண்கள். அவ்வளவுதான் ஆள்.

வேகமாக மிதித்தாள், கடகடவும் வேகமெடுத்தது. மெதுவாகப் போனாள், அதுவும் மெதுவானது. ஒரு முழம் இடைவெளியில், அவள் வேலை பார்க்கும் தெர்மாஸ் ஆலை வாசல் வரை வந்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் நேரே போய்விட்டான். இது எட்டாவது நாள்.

யூச்சினுக்கு அவனைக் கண்டு பயமில்லை. தெருவில் யார் எங்கே போகிறார்கள் என்று கண்காணிக்கும் தெருக் கமிட்டி சுவாங் அத்தையைக் கண்டுதான் பயம். அத்தை அன்று பாலத்தருகே பார்த்துவிட்டாள். மாலை யூச்சின் வீடு திரும்புவதற்குள் சேதி அம்மாவிடம் போயிருந்தது.

அம்மா முட்டைக்கோஸை நறுக்கிக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள். "நாளையிலேர்ந்து பஸ்ல போ. சைக்கிளை அண்ணனுக்குக் குடுத்துரு."

அதானே என்று நினைத்துக்கொண்டாள். அண்ணன் பாவ்லினுக்கு வசந்த விழா முடிந்ததும் கல்யாணம். சைக்கிள், தையல் மெஷின், கைக்கடிகாரம் மூன்றும் இருந்தால்தான் பெண் வருவாள் என்று பெண் வீட்டில் சொல்லிவிட்டார்கள். மற்ற இரண்டும் வந்தாயிற்று.

இந்த சைக்கிளை வாங்குவதற்கான அனுமதிச் சீட்டு ஆலைக் குலுக்கலில் யூச்சினுக்கு விழ மூன்று வருஷம் ஆனது. அந்த வீட்டில் அவளுடையது என்று இருந்த ஒரே பொருள் அது. மேலே கிடக்கும் பச்சைப் பஞ்சுக் கோட்டு, காதுமடல் வைத்த தொப்பி, காலில் லொடலொடக்கும் ஷூ எல்லாம் அண்ணன் கழித்துப்போட்டவை. அவனுக்குப் புதுசு எடுத்தால் அவளுக்குப் பழசு வரும்.

"எவனோ பின்னாடி வர்றான்னா, சைக்கிளைவிட்டு நான் ஏன் எறங்கணும்? அவனை எறங்கச் சொல்லு."

"வாயைப் பாரு. ஊரு அவனையா பேசும்? உன்னைத்தான் பேசும். அவனுக்கு உம்மேல கண்ணுடி."

"வெளிய தெரியறதே என் ரெண்டு கண்ணுதான். எதைப் பாத்து மயங்குனானாம்?"

"ஆம்பளைக்கு அது போதும்."

"அப்போ சாயங்காலம் ஏன் வர்றதில்ல? ஆசை காலையில மட்டும்தான் பொங்குமா?"

"வீடு தெரிஞ்சுட்டா பாவ்லின் காலை ஒடிச்சிருவான்னு பயம்."

பாவ்லின் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காலுக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தான். தன் பேச்சு வந்தது கூடத் தெரியாமல் கொட்டாவி விட்டான்.

யூச்சின் பூட்டுச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். "நாளைக்கு நீயே எங்கூட வா. அவன் எம்மேல கண்ணு வெச்சுத்தான் வர்றான்னா, இதை எடுத்து உன் மகன் கையில குடு. இல்லேன்னா சைக்கிள் பேச்சையே எடுக்கக் கூடாது."

"வர்றேன்," என்றாள் அம்மா. சாவியை அப்போதே எடுத்துவிட்டவள் மாதிரி இருந்தது குரல்.

மறுநாள் காலை, அம்மா நாலு எட்டு ஓடி கேரியரில் ஒருக்களித்து ஏறினாள். வடக்கே போகும் சாலை. காற்று நேராக முகத்தில் அறைந்தது. பாலத்து ஏற்றத்தில் யூச்சின் எழுந்து நின்று மிதித்தாள். விட்ட மூச்செல்லாம் முகமூடியில் பனியாக உறைந்தது.

பாலம் இறங்குவதற்குள் கடகட வந்துவிட்டது.

"வந்துட்டான்," என்றாள் அம்மா. மகள் மானம் போகிறதே என்ற கவலை அதில் இல்லை.

சிவப்பு விளக்கு. நூறு சைக்கிள்கள் நூறு கால்களை ஊன்றி நின்றன. அம்மா குதித்து இறங்கி, பின்னால் நின்றவனின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை நாளா நடக்குது இது? பின்னாடியே ஒட்டிக்கிட்டு வர்றியே, வெக்கமா இல்ல?"

சுற்றியிருந்த தொப்பிகள் எல்லாம் திரும்பின. எவளுடைய கதையோ தெருவுக்கு வந்துவிட்டது என்றால் குளிர் கூட மறந்துவிடும்.

அவன் முகமூடியை இறக்கினான். ஒல்லியான ஆள், முப்பது வயது இருக்கும். மூக்கு மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது.

"தப்புதான் பெரியம்மா. ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். எனக்கு நெஞ்சு பலவீனம், எதிர்காத்துல மூச்சு முட்டுது. சாயங்காலம் கவலையில்ல, காத்தே தள்ளிக்கிட்டு வந்துரும். காலையிலதான் இவரு மறைவுல ஒதுங்கிக்கிட்டு வந்தேன்."

பஞ்சுக் கோட்டின் பக்கம் திரும்பித் தலை தாழ்த்தினான். "கோவிச்சுக்காதீங்க அண்ணே. உங்க மகனுக்கு நல்ல அகலமான முதுகு, பெரியம்மா."

அம்மாவின் கை ஹேண்டில்பாரிலிருந்து தானாக நழுவியது. பச்சை விழுந்தது. பின்னால் மணிகள் அலறின.

யூச்சின் முகமூடியை இறக்கவில்லை. பெடலில் கால் வைத்தாள்.

"கேட்டியாம்மா? சைக்கிள் உன் மகன்கிட்டதான் இருக்கு. ஏறு."