இன்னும் கொஞ்சம் மல்லிகை

"வெறும் மல்லிகை வாசத்தாலேயே ஒரு பட்டாளத்தை ஓட ஓட விரட்டுவேன்!" என்று மார்தட்டினார் தணிகாசலம், வாசனை ஆலையில் வேதியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"நீங்க கொசுவைக்கூட விரட்டினதில்ல," என்றாள் மனைவி செங்கமலம்.

பூச்செடிகள் போய், சுவர்ப்பெட்டி வாசனை விடும் காலம் அது. அன்று மாலை பெண் பார்க்க வருகிறார்கள். "வேணாம்மா" என்று மகள் யாழினி அழுதும் செங்கமலம் அசையவில்லை.

வந்ததுமே மாப்பிள்ளையின் அம்மா மூக்கை உறிஞ்சினாள். "என்னங்க, மல்லி வாசமே காணோம்? எங்க வீட்ல தூக்கலா வைப்போம்."

"மல்லி வாசமெல்லாம் இண்டோல்ங்கற வேதிப்பொருள் பண்ற வேலை, சம்பந்தியம்மா," என்றார் தணிகாசலம். " அறுகோண வளையமும் ஐங்கோண வளையமும் ஒட்டிப் பிறந்தது. சின்ன வளையத்துல ஒரு நைட்ரஜன். கூட்டட்டுமா?"

"தாராளமா!"

தணிகாசலம் சுவர்ப்பெட்டியின் குமிழைக் கடைசிவரை திருகினார். இண்டோல் துளியாக இருந்தால் மல்லிகை, அள்ளி விட்டால் மலக்குழி. மாப்பிள்ளை கடித்த பஜ்ஜியோடு ஓடினான். அவன் அம்மா செருப்பை மறந்து ஓடினாள். தெருநாய்கள் பக்கத்து ஊருக்கே குடிபோயின. யாழினி மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

செங்கமலம் முந்தானைக்குள்ளிருந்து கத்தினாள்: "ஒத்துக்கறேன், பட்டாளமே ஓடிடுச்சு! அவளுக்கு எப்பத் தோணுதோ அப்பக் கட்டிக்கட்டும். முதல்ல அந்தக் குமிழை மூடித் தொலைங்க!"