பதினொரு மிஸ்ட் கால்

"வீடியோவ பேஜ்லேருந்து எடுக்க முடியாது லா அக்கா. ரெண்டு லட்சம் பேரு பாத்துட்டாங்க. இனிமே அது எங்க வீடியோ இல்ல, மக்கள் வீடியோ."

பாலன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. எதிரே நின்ற புனிதாவுக்கு நாற்பது வயசு இருக்கும். கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து, அந்த மாடிப்படி ஏறி நின்றாள்.

'வேர்க்காவல்' இயக்கத்துக்கு ஆபீஸ் என்றால் அந்த ஒரு ரூம்தான். ஆனால் ஃபேஸ்புக்கில் எண்பதாயிரம் பேர். பண்பாட்டை யார் மீறினாலும் வீடியோவோடு போட்டுக் கிழிப்பார்கள். கிழிக்கிற வேலை பாலனுடையது.

ஞாயிறு காலையில் அவன் போட்டது நாற்பது செகண்ட். யாரோ அனுப்பிய கிளிப். கிள்ளானில் ஒரு சாவு வீடு. தோளில் தண்ணிக் குடம், கையில் கொள்ளி, அப்பாவின் பெட்டியைச் சுற்றி வருகிறாள் புனிதா. மேலே பாலன் எழுதியது: 'இந்த வீட்டில் ஆம்பளையே இல்லையா?'

"பெத்த அப்பாவா இருந்தாலும் பொம்பள கொள்ளி வைக்கலாமா? நீங்களே சொல்லுங்க," என்றான்.

"வைக்கக் கூடாதுன்னுதான் எங்க சித்தப்பாவும் சொன்னாரு."

"அப்புறம்?"

"அண்ணன் வருவான்னு மூணே முக்கால் வரைக்கும் பாத்தேன். நாலு மணிக்குச் சுடலையில டைம் குடுத்திருந்தாங்க. வரல."

பாலன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அண்ணன் இருந்துமா?"

"வெளியூர்ல இருந்தான். காலையில ஒம்பது மணிக்கு அப்பா போயிட்டாரு. அப்பவே கெளம்பியிருந்தா வந்திருக்கலாம். பதினொரு தடவ கூப்பிட்டேன். எடுக்கல."

"பேரச் சொல்லுங்கக்கா. உங்க வீடியோவ எடுத்துட்டு அந்தாளப் போடுறேன். இவனுங்களத்தான் மொதல்ல நாறடிக்கணும்."

"பேரெல்லாம் வேணாம் தம்பி."

"இப்பவும் அண்ணனக் காப்பாத்துறீங்க பாருங்க. வேற ஆம்பளையே கெடைக்கலையா ஒங்க சொந்தத்துல?"

"சித்தப்பா மகன் வைக்கிறேன்னான். நான்தான் விடல."

"ஏன்?"

"அந்த எடத்துல வேற ஆம்பள நின்னா, மகன் இருந்தும் அடுத்தவன் வச்சான்னு காலத்துக்கும் அண்ணனத்தான் பேசுவாங்க. நான் நின்னா என்னைத் திட்டிட்டு விட்டுடுவாங்க. அதான் நின்னேன்." புனிதா லேசாகச் சிரித்தாள். "நீயும் என்னத்தான திட்டியிருக்க. நல்லாவே திட்டியிருக்க."

பாலனுக்கு ஒரு மாதிரி ஆனது. ஆனாலும் விடவில்லை. "அப்ப ஒங்களுக்கு அசிங்கமா இருக்குன்னு எடுக்கச் சொல்றீங்க. அதான?"

"எனக்கு என்ன அசிங்கம். அண்ணன் இன்னும் அதப் பாக்கல. அவன் வந்து சேரும்போது எல்லாம் முடிஞ்சிருச்சு. மறுநாள் அஸ்தியக் கடல்ல கரைச்சது மட்டும்தான் அவன் கையால நடந்துச்சு. அதுலேருந்து போனத் தொடாம என் வீட்டுல உக்காந்திருக்கான். நாளைக்கோ நாளன்னிக்கோ தொடுவான்ல. அதுக்குள்ள எடுத்துடு."

"அவரு எங்க பேஜெல்லாம் பாப்பாரா?"

புனிதா சுவரைப் பார்த்தாள். ஆளுயரத்துக்கு ஒரு பேனர். 'பண்பாடே பலம்' என்ற எழுத்துக்குக் கீழே வேர்க்காவல் தலைவர் கமலநாதன் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

"அது அவன் பேஜ்தான?" என்றாள்.

பாலன் எழுந்துவிட்டான்.

'வீட்ல ஒரு விஷயம். கொஞ்ச நாளைக்குக் கூப்பிடாத' என்று சனிக்கிழமை ராத்திரி தலைவர் மெசேஜ் போட்டிருந்தார். என்ன விஷயம் என்று பாலன் கேட்கவில்லை.

வீடியோவை அழித்தான். ரெண்டு தடவை தப்பாக அமுக்கி, மூணாவது தடவைதான் அழிந்தது. அதற்குள் வாட்ஸ்அப்பில் எத்தனை குரூப்புக்குப் போயிருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்லவில்லை.

"அண்ணன் போன ஏன் எடுக்கலையாம்?" என்று மட்டும் கேட்டான்.

"பேட்டரி செத்துப் போச்சாம். சட்டையப் புடிச்சிக் கேட்டேன். அது ஒண்ணுதான் சொன்னான்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "சரி தம்பி, நான் வரேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு நீயும் வந்து சாப்பிட்டுப் போ."

அவள் படி இறங்குகிற சத்தம் கேட்டது.

பேட்டரி சாகவில்லை. எண்பது பர்சன்ட் இருந்தது.

சனிக்கிழமை பினாங்கு மாநாட்டில் அந்தப் போன் பாலனின் சட்டைப் பையில்தான் இருந்தது. பாப்பா, பாப்பா என்று பேர் வந்து வந்து அணைந்தது. லைவில் ஆறாயிரம் பேர் ஏறியிருந்தார்கள். அடுத்த தேர்தலில் தலைவருக்குச் சீட் வாங்கித் தருகிறேன் என்ற கட்சிக்கார ஒய்.பி. முன்வரிசையில் உட்கார்ந்து அந்த ஆறாயிரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சுக்கு நடுவில் தலைவர் ஒரு தடவை பாலனைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். பாலன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

சாயங்காலம் போனை வாங்கிப் பார்த்தவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று காலையில் மேடைக்குப் போகுமுன் அதே போனை அவன் கையில் கொடுத்து அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"அப்பாவுக்கு முடியல பாலா. பாப்பா கூப்பிட்டா, நான் பேசிக்கிட்டே இருந்தாலும் சரி, மேல ஏறி வந்து சொல்லிடு."

பாலன் ஏறவில்லை.