கருத்தக்கண்ணனின் குடல்

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி. பட்டப்பகலில் சன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி எக்ஸ்ரே அறையை இருட்டாக்கியிருக்கிறார்கள். அலங்காநல்லூர்க் கருத்தக்கண்ணன் வெற்றுடம்போடு இயந்திரத்தின் படிமேல் விறைப்பாக நிற்கிறார். குடல் எக்ஸ்ரேயில் தெரிவதற்காகக் காலையில் குடித்த வெள்ளை மருந்து மீசையில் சுண்ணாம்பாகக் காய்ந்திருக்கிறது. அது குடலுக்குள் நகர்ந்தால் வீட்டுக்குப் போகலாம், நகராவிட்டால் நாளைக்கு வயிற்றைக் கிழிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வயிற்றை ஒட்டி நிற்கும் திரை டாக்டர் பக்கம் பச்சையாக ஒளிர்கிறது. வயிற்றுக்குச் சொந்தக்காரருக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. டாக்டருக்குப் பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கும் மச்சினன் முத்திருளனிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. “என்ன மாப்ள, அசையுதா?” “அசையுதாவா? பெரியாத்து வாய்க்கால்ல தண்ணி தெறந்துவிட்ட கணக்கா வளைஞ்சு வளைஞ்சு போய்க்கிட்டே இருக்கு மச்சான்.” இயந்திரம் உறுமுகிறது. டாக்டரின் விரல் திரைமேல் மெல்லக் கீழே இறங்குகிறது. “அருமையா நகருது. கத்தி வேண்டாம்” என்கிறார். கருத்தக்கண்ணனின் தோள்கள் அகலுகின்றன. ஐம்பது வருஷமாக உழைத்த குடலுக்கு இன்றுதான் ஒரு பாராட்டு. “முடிஞ்சுது, இறங்குங்க.” அவர் அசையவில்லை. “சொந்தபந்தம் பதினாலு பேரு வண்டி கட்டி வந்து வாசல்ல அழுதுக்கிட்டு நிக்கிறாக. ஒவ்வொருத்தரா வந்து பாத்துட்டுப் போகட்டும்யா. எம்புட்டு நேரம்னாலும் நிக்கிறேன்.”